வள்ளத்தைக் கவிழ்ப்பதா, நிமிர்த்தியே விடுவதா?

24 ஒக்டோபர் 2020, கேள்வி

பூநகரிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கொழும்புக்குப் பக்கத்துப் பெலியகொடை மீன் சந்தையைக் கொரோனாவால் 21 ஆம் திகதி மூடியதிலிருந்து மீன் எடுக்க லொறி வருவதில்லை. எப்படியும் வாடைக்காற்று வரப்போகிறது என்பதால் இம்முறை வேளைக்கே தொழிலை நிறுத்திவிட்டோம். என்னுடையது பதினெட்டரை அடி பிளாஸ்டிக் வள்ளம், வாங்கி ஒரு வருடம்தான். கரையில் ஏற்றி, நிமிர்த்தியே வைத்து, தறப்பாளால் இறுக்கி மூடினால் போதும் என்பது என் எண்ணம். கவிழ்த்தால் விளிம்பு வெடிக்கும் என்கிறார்கள். முல்லைத்தீவுப் பக்கம் என்ன செய்கிறீர்கள்?

24 ஒக்டோபர் 2020, இரவு, முல்லைத்தீவிலிருந்து பதில்

கவிழ்க்க வேண்டும். இதில் மறுபேச்சு இல்லை.

நிமிர்த்தி வைத்த வள்ளம் மழைக்குத் தொட்டி. உள்ளே அரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே முக்கால் தொன்னுக்குக் கிட்ட வரும். கடலில் என்றால் அந்தப் பாரத்தைச் சுற்றியுள்ள தண்ணீர் தாங்கிக்கொள்ளும். கரையில் குற்றி முட்டுகிற இரண்டு இடங்கள் மட்டுமே தாங்க வேண்டும். அந்த இடத்தில் உள்வளைந்து, அடுத்த பருவம் முழுவதும் அலையில் 'டப், டப்' என்று அடித்துக்கொண்டு ஓடிய வள்ளங்களை எனக்குத் தெரியும்.

ஊரார் கதை எதற்கு, என் கதையைச் சொல்கிறேன். 2017 இல் ஆள் சேரவில்லை என்ற சாட்டில் நிமிர்த்தியே விட்டேன். அடித்தக்கையைக் கழற்றி வைத்தேன், தண்ணீர் தானாக ஓடிவிடும் என்று. ஒரேயொரு பூவரசம் இலை அந்த ஓட்டையில் போய்ப் படுத்துக்கொண்டது. தை பிறந்து போய்ப் பார்த்தால் உள்ளே பச்சைத் தண்ணீர், இரண்டு தவளை, எண்ண முடியாத அளவு நுளம்புக் குடம்பி. சுகாதாரப் பரிசோதகர் எனக்கு முன்பே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் எழுதிக் கொடுத்த துண்டை வைத்து மனைவி என்னைப் பேசியது தனிக் கதை.

அதுகூடப் பரவாயில்லை. எஞ்சின் பூட்டும் பின்பலகையைத் திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்த்தேன். நல்ல பின்பலகை 'டங்' என்று திருப்பிச் சொல்லும். இது பழுத்த பலாவைத் தட்டியதுபோலத் 'தொப்' என்றது. பிளாஸ்டிக் தோலுக்குள் இருப்பது ஒட்டுப்பலகை. எஞ்சின் ஆணி போட்ட துளை வழியாக மழைத்தண்ணீர் இறங்கி மூன்று மாதம் உள்ளேயே ஊறியிருக்கிறது. தோலை வெட்டித் திறந்தபோது பலகை வரவில்லை. பிழிந்த தேயிலைச் சக்கை மாதிரி ஒன்றுதான் கையில் வந்தது.

ஆகவே கவிழ்க்கவும்.

25 ஒக்டோபர் 2020

நேற்று இருந்த கோபத்தில் பாதியை விட்டுவிட்டேன். விளிம்பு வெடிக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அது கவிழ்ப்பதால் வருவதில்லை, கவிழ்க்கத் தெரியாமல் கவிழ்ப்பதால் வருவது. நாலு பேர் ஒரு பக்கத்தைத் தூக்கி, மறுபக்கம் மண்ணில் ஊன்றி, பாதி வழியில் கை விட்டால் எந்த வள்ளம்தான் வெடிக்காது? எட்டுப் பேராவது வேண்டும். விழும் பக்கத்தில் பழைய டயர் இரண்டு போட்டு, ஆட்கள் அதற்கு வெளியே நிற்க வேண்டும். தூக்குகிறவர்கள் தூக்க, மற்றவர்கள் தாங்கி இறக்க வேண்டும். தேநீருக்கும் பணிஸுக்கும் காசு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கவிழ்த்த வள்ளம் மண்ணில் நேராகப் படுக்கக் கூடாது. மூன்று தென்னங்குற்றிகளைக் குறுக்கே போட்டு, விளிம்பு நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்ந்திருக்க வேண்டும். காற்று உள்ளே போய் வரட்டும். தறப்பாளை இறுக்கிப் போர்த்தினால் உள்ளே வேர்த்து ஊற்றும். நடுவில் கம்பு கொடுத்துக் கூடாரமாக விடுவது நல்லது. அந்தக் காலத்தில் பின்னிய தென்னோலைக் கிடுகு போட்டார்கள். கிடுகு மூச்சு விடும், தறப்பாள் விடாது. இப்போது கிடுகு பின்ன ஆள் எங்கே?

தென்னைக்குக் கீழே வைக்காதீர்கள். ஏன் என்று கேட்கமாட்டீர்கள் என நினைக்கிறேன்.

இன்னொன்று. நான் சொல்வதெல்லாம் பிளாஸ்டிக் வள்ளத்துக்கு மட்டும். மரவள்ளத்துக்கு இதையே செய்தால் பாவம். மரவள்ளம் காய்ந்தால் பலகைகள் சுருங்கிப் பொருத்துவாய் திறந்துகொள்ளும். அப்பு தன் தோணியை வாடை முடிந்த வெயிலில் ஒரு நாளும் வெறுமனே விட்டதில்லை. நிழலில் வைத்து, ஈரச் சாக்குப் போட்டு, பின்னேரத்தில் நாலு வாளி உப்புத்தண்ணீர் ஊற்றுவார். நல்ல தண்ணீர் ஊற்றினால் திட்டு விழும், மரத்தை உளுக்க வைக்கும் என்பார். பொருத்துவாயில் பஞ்சு திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுகிற கலப்பத்து வேலையும் அந்த மாதங்களில்தான் நடக்கும். வெளியே சுறா எண்ணெய். எங்கள் வளவுக்குள் வந்த பெண் வீட்டார் ஒரு முறை மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனதாக அம்மம்மா சொல்வார். அந்தப் பெண்தான் பிறகு எங்கள் பெரியம்மா.

28 ஒக்டோபர் 2020

எஞ்சினைப் பற்றிப் பூநகரி நண்பர் கேட்கவே இல்லை. வள்ளத்துக்கு வந்த அக்கறையில் பாதிகூட எஞ்சினுக்கு வருவதில்லை. எஞ்சின்தான் விலை கூடிய சாமான்.

நீங்கள் வாங்கியது மண்ணெண்ணெய் எஞ்சின்தான் என்று வைத்துக்கொள்கிறேன். பெற்றோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரைக்கு வரும்போது திரும்பப் பெற்றோலுக்கு மாற்றுகிற வகை. பலர் கடைசி மாற்றத்தைச் செய்வதில்லை, அலுப்பு. அதனால் காபுறேற்றருக்குள் மண்ணெண்ணெய் நிற்கிறது. ஒரு இரவென்றால் காலையில் கயிறு இழுத்துத் தோள் நோவதோடு போகும். மூன்று மாதம் நின்றால் பிசின் மாதிரிப் பிடிக்கும்.

நான் செய்வது இது. பெரிய பரல் ஒன்றில் நல்ல தண்ணீரை, எஞ்சினின் விசிறிக்கு மேலே இருக்கும் தட்டு மூழ்கும் அளவுக்கு நிரப்பி, அதற்குள் எஞ்சினை நிறுத்திப் பெற்றோலில் பத்து நிமிடம் ஓட விடுவேன். அவசரம் கூடாது. எஞ்சின் சூடானால்தான் உள்ளே தண்ணீர் முழுப் பாதையும் சுற்றும். இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டுக் கழுவிவிட்டேன் என்பவர்கள் வாய் மட்டும் கொப்பளித்துவிட்டுக் குளித்ததாகச் சொல்கிறவர்கள். பிறகு எண்ணெய்க் குழாயைக் கழற்றி, தானாக நிற்கும்வரை விட வேண்டும். கடைசிச் சொட்டை எரித்துவிட்டு இருமி இருமி நிற்கும். காபுறேற்றர்க் கிண்ணத்தின் அடித்திருகையும் திறந்து எஞ்சியதை வடிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, கயிற்றை நாலு தரம் மெதுவாக இழுத்துவிட்டுப் பூட்ட வேண்டும்.

கியர் எண்ணெயை வாடைக்கு முன்பு மாற்றுங்கள், வாடைக்குப் பிறகு மாற்றாதீர்கள். அடித்திருகைத் திறந்ததும் வருவது கறுப்பாக இருந்தால் பழைய எண்ணெய். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் சீல் போய்விட்டது, உள்ளே கடல்தண்ணீர். அதை அப்படியே மூன்று மாதம் வைத்தால் பேரிங் துருப்பிடிக்கும். எஞ்சினில் பூட்டியிருக்கும் நாகக் (துத்தநாகக்) கட்டியையும் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் புதிது போட வேண்டும். உப்புத்தண்ணீர் எஞ்சினின் அலுமினியத்தைத் தின்பதற்குப் பதில் அதைத் தின்பதற்குத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அதன் மேல் பெயின்ற் அடித்த ஒருவரை எனக்குத் தெரியும். எஞ்சின் அழகாக இருக்க வேண்டுமாம்.

எஞ்சினைப் படுக்க வைக்கக் கூடாது, நிறுத்தி வைக்க வேண்டும். என்னுடையது எங்கள் படுக்கையறையில் நிற்கிறது. பதினைந்து குதிரை வலு. எத்தனையோ வாடையைக் கண்ட அறை அது. மனைவி இப்போது ஒன்றும் சொல்வதில்லை, அதன் மேல் துணி காயப் போடுகிறார்.

1 நவம்பர் 2020

கனடாவில் இருக்கும் மைத்துனர் இதை வாசித்துவிட்டு இரவு ஒரு மணிக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே ஏரியில் ஒரு சின்னப் படகு வைத்திருக்கிறார். எஞ்சினுக்குள் உறைதடுப்புத் திரவம் விட வேண்டும், தண்ணீர் உறைந்தால் இரும்பே பிளந்துவிடும், நீ ஏன் அதை எழுதவில்லை என்று கேட்டார். 'அத்தான், முல்லைத்தீவில் உறைவது தேங்காய் எண்ணெய்கூட இல்லை' என்றேன். சிரிக்கவில்லை. படகைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக்கை வெப்பத்தால் சுருக்கி ஒட்டுவார்களாம், அதற்கு ஆள் வந்து செய்துவிட்டுப் போகுமாம். கூலியைச் சொன்னார். அந்தக் காசுக்கு இங்கே பழைய வள்ளம் ஒன்று வாங்கலாம்.

9 நவம்பர் 2020

'பருவம் முடிந்தது' என்று எல்லோரும் எழுதுகிறோம், நானும் எழுதுகிறேன். உண்மையில் முடிவது கடல் மட்டும். மழை விழுந்து ஆறு வந்து முகத்துவாரம் வெட்டுப்பட்டால் நந்திக்கடல், நாயாற்றுக் களப்புகளில் இறால் தொடங்கும். எங்கள் ஒழுங்கையில் பெரிய வள்ளத்தைக் கவிழ்த்த கையோடு சின்ன வள்ளத்தை இறக்கியவர்கள் ஆறு பேர். தெற்கிலிருந்து வந்து நாயாற்றில் வாடி (கொட்டில்) அடித்துத் தங்குபவர்களுக்கு இந்தத் தலையிடியே இல்லை, வள்ளத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே மறுகரைப் பருவத்தைத் தொடங்கிவிடுவார்கள். எங்களுக்கு லொறிக்குப் பதில் வயல். குமுளமுனையில் இரண்டு ஏக்கர் இருக்கிறது. காலபோக நெல் விதைத்தாகிவிட்டது. கடல் மூடும்போது வயல் திறக்கும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு அம்மன் விளக்கெரிக்கச் சிலாவத்தைக் கடலில் தண்ணீர் எடுக்கும் வைகாசியில் நான் முழுக் கடற்றொழிலாளி, இந்த மாதத்தில் முழுக் கமக்காரன். இரண்டு பக்கத்துக் கடன்காரர்களும் என்னைத் தங்கள் ஆள் என்றே நினைக்கிறார்கள்.

வள்ளத்தைப் பற்றி எழுத வந்தேன். வலையை மறந்துவிடாதீர்கள். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, கூரை வளையில் கம்பி கட்டித் தொங்கவிட வேண்டும். கம்பியின் நடுவில் ஒரு பால்மா டின் மூடியைக் கோத்துவிட்டால் எலி தாண்டாது, வழுக்கி விழும். அப்பு காலத்துப் பருத்தி வலைக்குப் பனிச்சங்காய் இடித்துச் சாறு ஏற்றுவார்கள், அது பூஞ்சணத்துக்கு. நைலோனுக்குப் பூஞ்சணம் இல்லை. எலிக்குத்தான் பருத்தியும் நைலோனும் ஒன்று.

18 நவம்பர் 2020

நேற்று முன்னாள் அமைச்சர் ஒருவர் செய்தியாளர்கள் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டியிருக்கிறார், மீனால் கொரோனா வராது என்று. நல்ல மனம். ஆனால் அதைப் பார்த்த என் மகள் நேற்றிலிருந்து மீனே வேண்டாம் என்கிறாள்.

1 டிசம்பர் 2020

புயல் நாளை இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை கடக்கும் என்கிறது வளிமண்டலவியல் திணைக்களம். புரெவி என்று பெயர்.

காலையிலிருந்து கரை முழுக்க ஒரே சத்தம். இருநூறு அடி உள்ளே இழுக்கிறோம். கவிழ்த்த வள்ளத்தை இழுக்க முடியாது என்பதை ஒக்டோபரில் ஏன் எழுதவில்லை என்று யாராவது கேட்டால் கேளுங்கள், எனக்கும் இன்றுதான் தெரியும். நிமிர்த்தி, குற்றி போட்டு உருட்டி, உள்ளே கொண்டுபோய்த் திரும்பக் கவிழ்க்க வேண்டியிருந்தது. நிமிர்த்தி வைத்திருந்தவர்கள் ஒரே இழுவையில் போய்விட்டார்கள். பக்கத்து வளவுக்காரர் போகிற போக்கில் 'என்ன, மறுபேச்சு இல்லையோ?' என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு வாசிக்கத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

மூத்தவர் ஒருவர் 1964 டிசம்பர்ப் புயலைச் சொன்னார். அப்போது வள்ளத்துக்குள் மண்ணை நிரப்பித்தான் பிடித்து வைத்தார்களாம். என்னுடையதை இரண்டு பனைகளில் கட்டியிருக்கிறேன். நங்கூரத்தையும் தாட்டிருக்கிறேன். பாடசாலைக்குப் போகிறோம்.

4 டிசம்பர் 2020

எல்லோரும் நலம். பயந்த அளவுக்குக் காற்று அடிக்கவில்லை. மழைதான் ஊற்றியது.

வள்ளங்களைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். என்னுடையது இருந்த இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லி மார்தட்டலாம் என்றுதான் போனேன். ஆனால் பனையில் கட்டிய நைலோன் கயிறு, வள்ளத்தின் விளிம்பில் தேய்ந்து, மூன்று புரியில் இரண்டு அறுந்து ஒன்றில் நின்றது. நரைத்த மயிர் மாதிரிச் சிலும்பிக் கிடந்தது. இன்னும் ஒரு மணி நேரம் காற்று நின்றடித்திருந்தால் வள்ளம் யார் வளவில் கிடந்திருக்கும் என்று தெரியாது. கயிறு விளிம்பில் முட்டும் இடத்தில் ஒரு துண்டு டயர்த் தோலைச் சுற்றியிருந்தால் இது நடந்திராது. ஒன்றரை மாதமாகக் கவிழ்ப்பதா நிமிர்த்துவதா என்று தர்க்கித்த நான் கயிற்றைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

பக்கத்து வளவுக்காரர் நிமிர்த்தி வைத்தது அசையவே இல்லை. உள்ளே மழைத்தண்ணீர் நிரம்பிப் பாரமாக இருந்தது, புயலுக்கு அது நல்லதாகவே போய்விட்டது. இதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தண்ணீரை இறைத்த பிறகு அடியைப் பார்த்தோம். குற்றி இருந்த இடத்தில் தலைமயிர் அளவில் இரண்டு வெடிப்பு. அவரும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளவில்லை, முன்பே இருந்தது என்கிறார்.

26 டிசம்பர் 2020

இன்று கடலுக்கு யாரும் போவதில்லை. வாடை இல்லாவிட்டாலும் போகமாட்டோம்.

2004 இல் சுனாமி வந்த அன்றும் வள்ளங்கள் கரையில் ஏற்றித்தான் இருந்தன. கவிழ்த்தவையும் நிமிர்த்தியவையும். ஒன்றுகூடக் கட்டிய இடத்தில் இல்லை. எங்களுடையதன் அணியம் (முன்பக்கம்) மட்டும் நந்திக்கடல் பக்கம் ஒரு பற்றைக்குள் கிடந்தது, பெயர் எழுதிய பக்கம் மேலே தெரிய. அதற்குப் பிறகு கிடைத்த வள்ளம் 2009 இல் போரில் போயிற்று. இப்போது இருப்பது மூன்றாவது. அதனால்தான் கயிற்றுக்கும் பின்பலகைக்கும் இவ்வளவு எழுதுகிறேன் போலிருக்கிறது, தெரியவில்லை. இன்றைக்கு இது போதும்.

17 ஜனவரி 2021

பொங்கல் முடிந்தது. வள்ளத்தின் அடியைக் காயவிடலாம் என்று ஒரு பக்கம் தூக்கினோம். தூக்கிய வேகத்திலேயே போட்டோம்.

புடையன். குற்றிக்கும் விளிம்புக்கும் இடையில், தேங்காய்ப் பொச்சுக் குவியல் மாதிரிச் சுருண்டு கிடந்தது. சீறியபோதுதான் பாம்பு என்று தெரிந்தது. பிரஷர் குக்கர் சத்தம் என்று சொல்வார்கள், அது சரியான சத்தம். வந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் வேலியைத் தாண்டி நின்றார்கள். ஆறாவது ஆள் நான். அது ஒன்றும் அவசரப்படாமல் வடலிக்குள் போய்விட்டது.

விளிம்பு ஒரு சாண் உயர்ந்திருக்க வேண்டும், காற்று உள்ளே போய் வரட்டும் என்று 25 ஒக்டோபரில் எழுதினேன் அல்லவா? காற்று மட்டும் போய் வராது. நெல் பக்கத்து வீட்டில், எலி என் வள்ளத்துக்கடியில், பாம்பு எலிக்குப் பின்னால். பூநகரி நண்பரே, கை விடுவதற்கு முன் நீளத் தடியால் உள்ளே துழாவிவிட்டுத் தூக்குங்கள். சப்பாத்து இருந்தால் போடுங்கள்.

நிமிர்த்தி வைத்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே சொன்னார்.

7 மார்ச் 2021

எஞ்சினைப் படுக்கையறையிலிருந்து இறக்கிப் பரலில் நிறுத்தி இழுத்தேன். மூன்றாம் இழுவையில் கிளம்பியது. 28 ஒக்டோபரில் எழுதியதை அச்சடித்து விற்கலாம் என்று தோன்றியது.

ஒரு நிமிடம் போயிற்று. பக்கத்தில் தண்ணீர் துப்பும் ஓட்டையைப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. உடனே நிறுத்தினேன். தண்ணீர் துப்பாத எஞ்சினை ஓட விட்டால் அடுப்பில் வெறும் சட்டியை வைத்ததற்குச் சமம். பம்பி போய்விட்டது, சிறகு உடைந்திருக்கும் என்று அடிக்கால் முழுவதையும் கழற்றினேன். பின்னேரம் வரை வேலை. பம்பி புதிதுபோல இருந்தது. மருமகன், பன்னிரண்டு வயது, வந்து அந்தத் துப்பும் ஓட்டையைக் கூர்ந்து பார்த்துவிட்டு ஈர்க்கு ஒன்றை உள்ளே விட்டான். செம்மண் உதிர்ந்தது. அதோடு கூடவே உலர்ந்த சிலந்திகள் மூன்று.

குளவி. அந்த ஓட்டையின் அளவு அதற்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. மண் குழைத்து அடைத்து, குஞ்சுக்குச் சாப்பாடு கட்டி வைத்திருக்கிறது, அதுவும் எங்கள் கட்டிலுக்கு இரண்டு அடி தூரத்தில். மனைவி பார்த்தாராம். 'குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள், அதுதான் கலைக்கவில்லை' என்றார். எங்களுக்கு இந்த வயதில்!

அந்த ஓட்டையில் ஒரு துண்டுத் துணியைத் திணித்து, மறக்காமல் இருக்க வால் ஒன்று வெளியே தொங்க விடுங்கள். எண்ணெய்க் குழாயின் வாயிலும் அப்படியே. இதை ஒக்டோபர்க் குறிப்போடு சேர்த்து வாசிக்கவும்.

27 ஆகஸ்ட் 2022

ஒன்றரை வருடம் இந்தப் பக்கம் வரவில்லை. எண்ணெய் இருந்தால் கடலில் இருந்தேன், இல்லாவிட்டால் வரிசையில் இருந்தேன்.

22 ஆம் திகதி முதல் மண்ணெண்ணெய் லீற்றர் 340 ரூபாய். அதற்கு முதல் நாள் வரை 87. எனக்கு ஒரு பயணத்துக்குப் பதினைந்து லீற்றர் வேண்டும். 1,305 ரூபாயாக இருந்தது 5,100 ஆயிற்று, ஐஸும் கூலியும் சேர்க்காமல். பல மாதம் விலை இருந்தது, எண்ணெய் இல்லை. இப்போது எண்ணெய் வருகிறது, விலைதான் தொட முடியவில்லை.

ஆகவே பாய் போட்டிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்.

பாய்மரம் மூங்கில். முன் இருக்கைப் பலகையில் துளை போட்டு நிறுத்தினேன். துணிக்கு எங்கே போவது? வள்ளத்தை மூடுகிற தறப்பாள்தான், 2010 இல் மீள்குடியேறியபோது வீட்டுக் கூரைக்குக் கிடைத்த வெள்ளைத் தறப்பாள். யூ.என்.எச்.சி.ஆர். என்ற நீல எழுத்து இன்னும் அழியவில்லை. விளிம்பை மடித்துக் கயிறு வைத்துத் தைத்தேன், கோணி ஊசியால், மூன்று இரவு. பத்து வருடம் எங்களை மூடியது, பிறகு வள்ளத்தை மூடியது, இப்போது இழுக்கிறது.

ஆனால் பாய் போட்டவுடன் பழைய காலம் திரும்பிவிடும் என்று நினைத்தது மடத்தனம். சோளகம் (தென்மேற்குக் காற்று) எங்கள் கரையில் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். போகும்போது தேர் மாதிரிப் போகிறது, திரும்பி வருவதுதான் பாடு. பிளாஸ்டிக் வள்ளத்தின் அடி எஞ்சினுக்காகச் செய்தது, தண்ணீரைப் பிடிக்காது. காற்றுக்குக் குறுக்கே திருப்பினால் முன்னே போகாமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வழுகுகிறது. அப்பு தோணியின் பக்கத்தில் நீளப் பலகை ஒன்றை இறக்குவார், சின்ன வயதில் அதை ஏணி என்று நினைத்து ஏறி அடி வாங்கியிருக்கிறேன். அது எதற்கு என்று ஐம்பது வயதில், கரை தூரத்தில் போய்க்கொண்டிருக்கும்போது விளங்கியது. மறுநாளே பழைய கதவுப் பலகையை அறுத்து இரண்டு பக்கமும் கட்டினேன். பாதி சரியானது. இப்போது போவதற்குப் பாய், வருவதற்கு எஞ்சின். கடற்காற்று நேரத்துக்கு எழும்பும் நாட்களில் வருவதற்கும் பாய். ஏழெட்டு லீற்றர் மிச்சம்.

பக்கத்து வளவுக்காரர் முதல் நாள் 'அப்பு வருகிறார்' என்று கூவினார். நாலாம் நாள் மூங்கில் எங்கே வாங்கியது என்று கேட்டார்.

16 ஒக்டோபர் 2022

பூநகரி நண்பர் திரும்ப வந்து, இரண்டு வருடமாக என் குறிப்புகளைப் பார்த்து ஒரு வருடம் கவிழ்த்தும் ஒரு வருடம் நிமிர்த்தியும் வைத்ததாகவும், இரண்டிலும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. அவருடைய கரை வேறு, அங்கே மேட்டில் வைக்க இடம் இருக்கிறது.

நான் நேற்றுக் கவிழ்த்தேன். இம்முறை முதலிலேயே உள்ளே இழுத்து, அதற்குப் பிறகு கவிழ்த்தேன். கயிறு முட்டும் இடமெல்லாம் டயர்த் தோல். துப்பும் ஓட்டையில் சிவப்புத் துணி வால். குற்றியைச் சுற்றி ஒரு பாகம் (இரு கை விரித்த நீளம்) அகலத்துக்குப் புல் செருக்கி வெறும் மண்ணாக்கியிருக்கிறேன், பாம்பு வந்தால் தடமாவது தெரியும். பாய்மரத் துளைக்கு ஒரு மரத்தக்கை சீவினேன். ஆள் கூலிக்குப் பதில் எட்டுப் பேரில் மூன்று பேர் பாய் தைக்கக் கற்றுத் தரச் சொன்னார்கள். கோணி ஊசி ஒன்றுதான் இருக்கிறது.

பாயைக் கழுவிக் காயவைத்து வலைக்குப் பக்கத்தில், டின் மூடிக்குக் கீழே தொங்கவிட்டாயிற்று. அதை இனி வள்ளத்துக்குப் போர்த்த முடியாது, உடம்பெல்லாம் ஊசித்துளை. புதுத் தறப்பாள் விலையைக் கேட்டுவிட்டு வந்து திண்ணையில் இருந்தேன். மனைவி ஒன்றும் பேசாமல் விழுந்து கிடந்த தென்னோலைகளைக் கிணற்றடித் தொட்டியில் ஊறப் போட்டார். நாற்பது கிடுகு வேண்டும். நேற்றும் இன்றுமாக இருபத்திரண்டு முடிந்திருக்கிறது. அதில் நான் பின்னியது மூன்று, மூன்றையும் அவர் பிரித்துத் திரும்பப் பின்னியிருக்கிறார்.